ஓடும் வாயுவின் குளிர்

1

இந்த வாயுவுக்கு என்மேல் ஏதோ கோபம். இல்லையென்றால் இவ்வளவு பாடுபட்டும் ஏன் குளிர மாட்டேன் என்கிறது?

சின்னவள் இப்படித்தான் நினைத்திருப்பாள் என்று நானாக எழுதுகிறேன். வாய்விட்டுச் சொல்கிற ரகமில்லை அவள். என் தங்கை. ஆய்வுக்கூடத்தில் வேலை. ஒருநாள் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தவள் பாதியில் மௌனமானாள். அந்த மௌனத்திலிருந்துதான் இந்தக் கதை வந்தது.

2

முதலில் எழுதிய தொடக்கம்: வெற்றிடக் குழாயின் நீல ஒளியில் அவள் முகம் ஒரு

(குழாய் எஃகு, அதில் ஏது ஒளி என்றாள். அந்த வரி அப்படியே நின்றுவிட்டது.)

அவள் வேலை இது. வாயுவை ஊசித்துளை வழியாக வெற்றிடத்துக்குள் பீய்ச்சுவாள். அது விரிந்து குளிர வேண்டும். அங்கே வெப்பமானி உதவாது. மூலக்கூறுகளின் வேகத்தை அளந்து, ஒவ்வொரு வேகத்தையும் வர்க்கமாக்கி, சராசரி கண்டு, அதிலிருந்து வெப்பநிலையைக் கணக்கிட வேண்டும். வேகம் கூடினால் சூடு கூடும். மாதக்கணக்கில் விடை சூடாகவே வந்தது.

"இந்தச் சோதனையை வெள்ளிக்கிழமையோட மூடிடலாம்மா. அடுத்த குழுவுக்கு அறை வேணும்," என்றார் ஆய்வுக்கூடத் தலைவர்.

(முதல் வரைவில் இவரைக் கொடுமைக்காரராக்கி வைத்திருந்தேன். எல்லோருக்கும் தன் கையால் காபி கலந்து தருகிற மனிதராம். திருத்திவிட்டேன். கதைக்குத்தான் நஷ்டம்.)

3

"ஏன்டி, வேகம்தான் சூடுன்னா, நான் மூடின பாட்டிலோட ரயில்ல போறேன்னு வை. ரயில் வேகமெடுத்தா பாட்டில்ல இருக்கற காத்து கொதிச்சிடுமா?"

"ஐயோ அக்கா, உன்னை வச்சுக்கிட்டு! எல்லாம் சேர்ந்து ஒரே பக்கமா ஓடறது சூடு இல்ல. அதுக்குள்ள தாறுமாறா முட்டி மோதிக்குது பாரு, அதுதான் சூடு. ரயிலோட வேகத்தை யாராவது கணக்குல சேர்ப்பாங்களா..."

மௌனம்.

"லைன்ல இருக்கியா?"

"நான் சேர்த்திருக்கேன்க்கா."

ஜாடிக்குள் சும்மா இருக்கும் வாயுவுக்கான கணக்கை, பீய்ச்சி ஓடும் வாயுவுக்குப் போட்டிருந்தாள். எல்லா மூலக்கூறுகளுக்கும் பொதுவான ஓட்டத்தைக் கழித்துவிட்டு மிச்சத்தை வர்க்கமாக்கினாள். குளிர்! அவள் ஆசைப்பட்டதைவிடக் குளிர். எப்போதிலிருந்தோ குளிர்ந்துதான் இருந்திருக்கிறது, பாவம்.

(இதைப் படித்துவிட்டு, "நீ அப்படிக் கேட்கவே இல்ல. பாத்திரம் தேய்க்கறப்ப எனக்கே தோணினது," என்றாள். அப்படியானால் அந்த மௌனம்? "கண்ணுல சோப்பு பட்டுச்சு." இருந்தாலும் எடுக்க மனமில்லை. கதையில் எனக்கும் ஒரு வேலை வேண்டாமா?)

4

எழுதிப் பார்த்த முடிவுகள் இரண்டு. ஒன்றில் அவள் நீளமாகப் பேச, எல்லோரும் கைதட்டினார்கள்; படிக்க எனக்கே கூச்சமாக இருந்தது. இன்னொன்றில் அவள் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்து

வேண்டாம். அப்படி முடிக்க எனக்கு மனம் வரவில்லை.

தலைவர் நம்பினாரா, அறை யாருக்குப் போனது என்பதை உங்களிடமே விடுகிறேன். எனக்குத் தெரிந்தது வெள்ளிக்கிழமை காலை வரைதான். காற்றை உறிஞ்சும் பம்ப் இரைந்துகொண்டிருக்கிறது. அதை நிறுத்திவிட்டால் மறுபடி அந்த வெற்றிடத்தை உண்டாக்க அவளுக்கு அவகாசம் கிடையாது. தலைவர் உள்ளே வருகிறார்.

"கணக்கை அப்புறம் நிதானமா பார்க்கலாம்மா. இப்ப பம்ப்ப நிறுத்திடு."

சுவிட்ச் அவள் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. (இங்கே அவள் நெஞ்சு படபடத்ததாக நான்கு வரி எழுதியிருந்தேன். அடித்துவிடச் சொன்னாள்.) அவள் பக்கத்து நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திப் போடுகிறாள்.

"ஓடட்டும் சார். உட்காருங்க, ஒரு தடவை அந்த ஓட்டத்தை நீங்களே கழிச்சுப் பாருங்க."