சீப்பு போட்டாச்சு

போன மாதம் எங்கள் மாத்திரைக் கம்பெனிக்குப் புதிதாக வந்த குவாலிட்டி மேனேஜர் கோபிநாத் சார், பேக்கிங் பெண்கள் எல்லாரையும் நிற்க வைத்து ஒரு கிளாஸ் எடுத்தார். ஒரு மருந்து முடிந்து அடுத்த மருந்து மெஷினில் ஏறுவதற்கு முன்னால், பழைய மாத்திரை ஒன்றுகூட எங்கும் தங்கியிருக்கக் கூடாது. "ஃபைன் டூத் கோம்ப் போட்டுப் பாக்கணும்" என்றார். புரிந்த மாதிரியே தலையாட்டினோம். அந்த விஷயத்தில் எங்களை அடித்துக்கொள்ள ஆளில்லை.

எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு அவரே விளக்கினார். ஒன்றைத் துருவித் துருவிப் பார்ப்பதை இங்கிலீஷில் அப்படிச் சொல்வார்களாம். பல் நெருக்கமான சீப்பு.

"பேன் சீப்புன்னு சொல்லிட்டுப் போங்களேன் சார்" என்றாள் ஜெயம். சாரே சிரித்துவிட்டார்.

ஜெயமும் நானும் பதினோரு வருஷமாக ஒரே மெஷின். நெல்லித்தோப்பில் ஒரே தெரு, ஒரே கம்பெனி பஸ். மெஷினைக் கழற்றித் துடைத்து முதலில் பார்ப்பது அவள். அவள் பார்த்ததை மறுபடி ஒன்று விடாமல் பார்த்து, இரண்டாவது கையெழுத்துப் போடுவது நான். அந்த கிளாஸுக்குப் பிறகு எங்கள் செக்‌ஷனில் அதுவே பேச்சாகிவிட்டது. "சீப்பு போட்டாச்சா?" "போட்டாச்சு." சோற்று டப்பாவைத் திறந்தால்கூட சீப்புதான்.

இன்று காலை சர்க்கரை நோய் மாத்திரை முடிந்து, குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கில் கொடுக்கும் மாத்திரை ஏற வேண்டும். இரண்டும் வெள்ளை, இரண்டும் ஒரே அளவு. பத்தரைக்கு டீ மணி அடித்தது.

"சீப்பு போட்டாச்சுடி. கையெழுத்துப் போட்டுட்டு வா, டீ ஆறிடும்" என்றாள் ஜெயம். போட்டேன்.

பதினொன்றே முக்காலுக்கு, ஓடிக்கொண்டிருந்த மாத்திரை அட்டைகளைப் பார்த்தபடி நின்றேன். மாத்திரைகளைக் குழிக்குள் தள்ளும் பிரஷ் கண்ணில் பட்டது. அதைக் கழற்றி மாட்டவே கால் மணி நேரம் ஆகும். ஜெயம் மொத்த வேலையையும் முடித்ததே பத்து நிமிஷத்தில்.

முதலியார்பேட்டையில் யாரோ ஒருத்தி மாத்திரையைக் கரண்டியில் கரைத்துப் பிள்ளை வாயில் ஊற்றுவது கண்முன் வந்தது. ஏற்கெனவே துவண்டு கிடக்கும் பிள்ளை. அதற்குச் சர்க்கரையும் இறங்கினால் என்ன ஆகும்?

"ஜெயம், பிரஷ்ஷ கழட்டுனியா?"

அவள் உறை மாட்டிய கையால் என் மணிக்கட்டைப் பிடித்தாள். "ஒண்ணும் இருக்காதுடி. சொன்னா ரெண்டு பேரு வேலையும் போயிடும். எம் பொண்ணு காலேஜு பாதியில நிக்கும்."

வேலை போய்விடும் என்ற பயம் எனக்கும் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். அந்தப் பிள்ளையை நினைத்து வந்த பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. அவள் கையை விலக்கிவிட்டுச் சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். மெஷின் நின்றது.

கோபிநாத் சார் ஓடி வந்தார். "ஃபைன் டூத் கோம்ப் போடல சார்" என்றேன். விளையாட்டில்லாமல் அந்த வார்த்தையை நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

பிரஷ்ஷுக்கு அடியில் ஒரு சர்க்கரை மாத்திரை ஒட்டிக்கொண்டிருந்தது.

எட்டுப் பேர், மூன்று மணி நேரம், அட்டை அட்டையாகப் பார்த்தோம். நடுவில் கோடு இருந்தால் சர்க்கரை மாத்திரை. கடைசிப் பெட்டி வரைக்கும் எதுவும் கலந்திருக்கவில்லை. ஜெயம் சுவரில் சாய்ந்து அழுதாள். தப்பித்தோம் என்று நானும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

சார் மட்டும் கையெழுத்து நோட்டை எடுத்துப் பின்பக்கமாகப் புரட்டிக்கொண்டே போனார். ஜெயம் கையெழுத்துப் போட்ட நேரமும் நான் போட்ட நேரமும் ஒன்றாகவே இருந்தன. முந்தாநாளும் அப்படி. போன வாரமும் அப்படி.

"இன்னைக்கு மட்டுந்தானா, சுடர்விழி?"

அந்த நாட்களில் நாங்கள் பேக் செய்த பெட்டிகள் எல்லாம் கடலூர், விழுப்புரம் கடைகளுக்குப் போய்ச் சேர்ந்து, பாதி விற்றும் இருக்கும். ஜெயம் என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையசைத்தாள்.

"இல்ல சார்" என்றேன். "நீங்க கிளாஸ் எடுத்த மறுநாள்லேர்ந்து."