கதவைப் பிடித்த கை

எனக்கு வாய் ஜாஸ்தி என்று படப்பிடிப்புக் குழுவில் எல்லோருக்கும் தெரியும். லைட்காரரைத் திட்டுவேன், உதவி இயக்குநர்களை வறுத்தெடுப்பேன். அன்றைக்கு மட்டும் அந்த வாய் எங்கே போய் ஒளிந்துகொண்டதோ!

என் வேலை கவனித்துக் குறிப்பது. எந்த ஷாட் எத்தனை நொடி, யார் எந்தக் கையில் குடை பிடித்திருந்தார், சட்டையில் எத்தனை பொத்தான் போட்டிருந்தது, எல்லாம் என் நோட்டில் இருக்கும். நேற்று எடுத்ததும் இன்று எடுத்ததும் ஒட்டவில்லை என்றால் என் தலைதான் உருளும். இருபத்திரண்டு வருஷமாக இதே பிழைப்பு.

அது வாராவாரம் வரும் துப்பறியும் தொடர். ஏழாவது வாரத்தில் கொலைகாரி மாட்டிக்கொள்கிறாள். அவள் ஏன் அப்படி ஆனாள் என்பதற்கு ஒரு பழைய நினைவு வரும்: ஆறு வயதில், பொறாமை பிடித்த அக்கா அவளை மெத்தை மடித்து வைக்கும் அலமாரிக்குள் தள்ளிக் கதவைப் பிடித்துக்கொள்கிறாள். அந்த அலமாரியைக் கண்டு பயப்படாமல் வளர்ந்த பிள்ளை எங்கள் ஊரில் கிடையாது. சேட்டை பண்ணினால் அம்மாக்கள் அதில் போட்டுத்தான் மூடுவார்கள். நானே என் தம்பி தோஷியை ஒரு மத்தியானம் முழுக்க உள்ளே வைத்து மூடியிருக்கிறேன். அப்பா அவனுக்கு மட்டும் சைக்கிள் வாங்கிக் கொடுத்தார், அவ்வளவுதான் காரணம். அவனுக்கு இப்போது நாற்பத்தொரு வயது. இன்னமும் லிஃப்டில் ஏற மாட்டான். ஒன்பதாவது மாடியிலுள்ள என் வீட்டுக்குப் படியேறியே வந்து, "சும்மா உடம்புக்கு நல்லதுக்கா" என்று சிரிப்பான்.

அந்த ஆறு வயதுக் குழந்தையாக நடிக்க வந்தவள் வகானா. அவள் அக்கா சிஹோவுக்கு ஒன்பது வயது. உண்மையில், அக்கா வேஷம் கேட்டுத் தேர்வுக்கு வந்தது சிஹோதான். வீட்டில் விட ஆளில்லை என்று சின்னவளையும் அம்மா கூட்டி வந்திருக்கிறாள். இயக்குநர் குஸுமி பெரியவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அந்தக் குட்டியை இப்படி நிக்க வைங்க" என்றாராம். அக்கா வேஷம் வேறொரு பெண்ணுக்குப் போய்விட்டது. அதிலிருந்து சிஹோ தங்கச்சியின் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருப்பாள்.

அன்றைக்குப் பார்த்து அந்த வேறொரு பெண்ணுக்குக் காய்ச்சல். கை மட்டும்தானே தெரியப்போகிறது என்று அவளுடைய ஸ்வெட்டரை சிஹோவுக்கு மாட்டிவிட்டார்கள். மணி ஏழு இருபது. எட்டுக்கு மேல் சின்னப் பிள்ளைகளிடம் வேலை வாங்கச் சட்டம் விடாது, ஆளாளுக்குப் பறந்தார்கள்.

வகானா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "உள்ள லைட் இருக்குமா ஆன்ட்டி?"

"இது பொய் அலமாரிடா கண்ணு. பின்னாடி பலகையே கிடையாது. டார்ச்சோட ஒரு அண்ணன் உக்காந்திருப்பாரு, பயப்படாதே."

நான்தான் சொன்னேன். என் வாயால்.

அவள் உள்ளே ஏறின பிறகு குஸுமி அந்த அண்ணனைக் கூப்பிட்டார். "பின்னாடி பலகையை அடைச்சிட்டு நீ வெளிய வந்துடு. டார்ச்சும் வேணாம். நடிச்சு அழற அழுகை எனக்கு வேணாம்." பிறகு சிஹோவுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார். "உள்ள என்ன கத்தினாலும் நான் சொல்ற வரைக்கும் கதவை விடக் கூடாது. உன்னால மட்டும்தான் முடியும். செய்வியா?"

இத்தனை நாளில் அவளிடம் ஒருத்தர் எதையாவது கேட்டது அதுதான் முதல் தடவை. "செய்வேன் சார்" என்றாள்.

"குஸுமி சார், அந்தப் பிள்ளைகிட்ட நான்..." என்று ஆரம்பித்தேன்.

"ஓரியே அக்கா, நீங்க நேரத்தைப் பாருங்க" என்று என்னை அடக்கினார்.

நானும் பார்த்தேன். கடிகாரத்தின் பொத்தானை அமுக்கினேன். கதவு மூடியது.

"அக்கா, திறக்கா! இருட்டா இருக்கு! டார்ச் அண்ணன் இல்லக்கா!"

இது எதுவும் வசனத்தில் கிடையாது. கதவு குலுங்கியது. சிஹோ பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்திருந்தாள். நாற்பத்தொரு நொடி. கையில் கடிகாரம் வைத்திருந்த நான் கல்லு மாதிரி நின்றேன்.

"கட்! ஓகே!" எல்லோரும் கைதட்டினார்கள். அம்மா ஓடிப்போய் சின்னவளை அள்ளிக்கொண்டாள். "என் ராசாத்தி, என்னமா அழுதே!" சிஹோவைப் பார்த்து ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நான் திரையில் ஓட்டிப் பார்த்தேன். சிஹோவின் மணிக்கட்டில் தலைமுடி கட்டும் மஞ்சள் ரப்பர் பேண்டு. நேற்று எடுத்ததில் அக்காவாக நடித்த பெண்ணின் கை வெறுங்கை. சொன்னால் மறுபடி எடுப்பார்கள், குழந்தை மறுபடி உள்ளே போக வேண்டும். நோட்டை மூடினேன். "எல்லாம் ஒட்டுது சார்" என்றேன். இத்தனை வருஷத்தில் நான் சொன்ன முதல் பொய். இதையாவது செய்தோமே என்று மூச்சு விட்டேன்.

சிஹோ வகுப்பில் தூக்குவது போலக் கையைத் தூக்கினாள்.

"சார், என் கையில ரப்பர் பேண்டு இருந்துச்சு. நேத்து அந்த அக்கா கையில இல்ல. நான் பாத்தேன். மறுபடி எடுக்கணும்தானே?"

குஸுமி சிரித்துவிட்டார். "பாத்தீங்களா! இவளுக்கு இருக்கிற கண்ணு இங்க ஒருத்தருக்கும் இல்ல. என்ன ஓரியே அக்கா, தூக்கமா?" அவள் தலையைத் தடவிக் கொடுத்தார். அந்த முகம் எப்படி மலர்ந்தது! என்னால் அவளை வெறுக்க முடியவில்லை. தோஷியை மூடியபோது என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும்.

"சார், அது யார் கண்ணுக்கும் தெரியாது சார். குழந்தை நடுங்குது, விட்டுடுங்க."

"மணி ஏழு நாற்பத்தாறு. ஒரே ஒரு தடவை."

அம்மாவிடம் திரும்பினேன். "நீங்களாவது சொல்லுங்கம்மா." அவள் இடுப்பு வளைய எனக்குக் குனிந்து வணங்கினாள். "உங்களுக்கெல்லாம் சிரமம் கொடுக்கறோம், மன்னிச்சுக்கங்க. அவ செஞ்சிடுவா."

வகானாவை யாரும் தள்ளவில்லை. தானே நடந்துபோய் ஏறி உட்கார்ந்தாள். கதவு மூடியது. சத்தமே இல்லை. இருபது நொடி, நாற்பது நொடி, ஒரு நிமிஷம். "அழு! அழச் சொல்லு அவளை!" என்று குஸுமி கத்தினார்.

சிஹோ கதவில் வாயை வைத்தாள். "வகா, அழுடி. அழுதா விட்டுடுவாங்கடி." கதவைத் தட்டினாள். "வகா!" யாரும் சொல்லாமலே கதவைத் திறந்துவிட்டாள்.

வகானா முழங்காலைக் கட்டிக்கொண்டு, கண்ணைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"போச்சு போ. சரி, முதல்ல எடுத்ததையே வெச்சுக்கலாம். ரப்பர் பேண்டை எவன் பாக்கப் போறான்?" என்றார் குஸுமி. பாவி மனுஷன்!

வேலை முடிந்த நடிகருக்குப் பூங்கொத்து கொடுப்பது வழக்கம். வகானாவுக்கும் கொடுத்தோம், கைதட்டினோம். அம்மா சொல்லிக் கொடுத்திருந்தபடி அவள் ஒவ்வொருவர் முன்னாலும் நின்று குனிந்தாள். "ரொம்ப நன்றி. இனிமேலும் உங்க ஆதரவு வேணும்." லைட்காரருக்கு, ஒலிக்காரருக்கு, எனக்கு. எனக்கு அடுத்து நின்றவள் சிஹோ. அவள் முன்னாலும் அதே அளவு குனிந்து, அதே வார்த்தைகளைச் சொன்னாள்.

"வகா, நான்டி. அக்காடி" என்றாள் சிஹோ. அழுகை முட்டிக்கொண்டு வந்தது அவளுக்கு.

வகானா தெரியும் என்று தலையாட்டினாள். பூங்கொத்தை மறு கைக்கு மாற்றிக்கொண்டு, அடுத்தவருக்குக் குனியப் போனாள்.