கரீம் பாட்சாவின் திருகுப் பல்

இலவசம் என்று எவர் சொன்னாலும் கரீம் பாட்சாவுக்கு ஐயம் வரும். தாராவியில் இருபது ஆண்டுகள் தோல் பைப் பட்டறை நடத்தியவர் அவர். பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அவருடைய தாடை எலும்பில் உலோகத் திருகு ஒன்றைப் பதித்து, அதன்மேல் பல்லை நிறுத்தி, காசு வேண்டாம் என்றார்கள். ஆறே மாதத்தில் சீழ் வைத்தது. ஈறுகளைக் கீறிச் சுத்தம் செய்தார்கள்; அதற்கும் காசு வாங்கவில்லை. இனி மாதம் ஒருமுறை வந்து காட்ட வேண்டும் என்றதும் ஐயம் அனலாய் மூண்டது. ஏழையின் வாய் என்ன, எழுதிப் பழகும் பலகையா?

"தையலும் பிரிச்சாச்சி. பொறவு எதுக்குக் கூப்பிடுதாவ? படிக்கிற பயலுவ நம்ம வாயில பழகுதானுவ, புள்ள."

"ஆமா, ஒங்க வாயில பொதையலு இருக்கு, தோண்டத்தான் கூப்பிடுதாவ," என்றாள் மனைவி சுலைகா. "ரெண்டு மாசமாப் போகல. இன்னைக்குத் தலையணையில ரத்தம். மறுபடி சீழு வச்சா திருகையே கழத்தணும்னு சொன்னாவல்லா?"

போனார்; போருக்குப் போவதுபோல் போனார். மாட்டுங்காவிலிருந்து வரும் டாக்டர் வைஜயந்தி, மாணவர் நால்வர் சூழ்ந்து நிற்க, திருகின் ஓரத்தைக் கம்பியால் தொட்டார். குருதி கசிந்தது. கரீம் பாட்சா கம்பியைத் தள்ளிவிட்டார்.

"உள்ள எதையோ வச்சுத் தச்சுட்டிய. உண்மையச் சொல்லுங்க டாக்டரம்மா!"

வைஜயந்தி ஈறுக்குள் இடுக்கியை நுழைத்து எதையோ உருவிப் பஞ்சின்மேல் வைத்தார். கறுப்பு இழை.

"பாத்தியளா! நான் சொன்னம்லா!" என்று முழங்கியவர் குனிந்தார். விரலால் உருட்டினார். குரல் அடங்கிற்று. அது அவருடைய பட்டறை நூல். பை தைக்கச் சாயமும் மெழுகும் ஏற்றியது.

"மெழுகு போட்ட நூலால பல்லு இடுக்கச் சுத்தம் பண்ணச் சொன்னிய. பட்டறையில கட்டுக்கட்டாக் கெடக்கு. தெனம் அதத்தான் விட்டு இழுத்தேன்."

"தோல் தைக்கிற நூலையா? ஒரு வார்த்தை கேட்டிருக்கப்படாதோ?"

"எப்ப கேக்க? வாயத் தொறன்னிய, தொறந்தேன். தொறந்த வாயால எப்படிக் கேக்க?"

மாணவர்கள் சிரித்தார்கள். வைஜயந்தி சிரிக்கவில்லை. ஒரு கைக்கண்ணாடியை அவரிடம் கொடுத்தார். ஆண்டு ஒன்றாகத் தம் வாய்க்குள் நடந்ததை அன்றுதான் கரீம் பாட்சா கண்ணால் கண்டார்.

"சீழ் இல்லே, திருகும் ஆடலே. இன்னும் கொஞ்ச நாள் இப்படியே இழுத்திருந்தேள்னா கழட்டத்தான் வேணும்," என்ற டாக்டர், மெல்லிய வெள்ளை நூலைத் திருகைச் சுற்றி மெதுவாய் ஓட்டிக் காட்டினார்.

கரீம் பாட்சா அந்த நூலை வாங்கி முகர்ந்தார், முறுக்கினார், இழுத்துப் பார்த்தார்.

"இதுல என்ன மெழுகு?"

டாக்டர் சொன்னார். கரீம் பாட்சா இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

"சரி, அடுத்த மாசம் வாறேன். ஆனா மொதல்ல கண்ணாடி என் கையில; பொறவுதான் கம்பி என் வாயில."