தொட்டிலின் நாலாவது கால்

கிட்டே வந்து உட்காருங்கள் கண்ணுகளா, இன்னும் கிட்டே. ஓர் ஊரில் ஒரு தொட்டில் நின்ற கதையைச் சொல்கிறேன்.

அந்த ஊரில் வண்டியோடு வண்டி மோதினால், மோதிய நொடியில் ஒவ்வொரு கூரையின் கீழும் ஏதாவதொரு மரச்சாமானின் கால் காணாமல் போய்விடும். மோதியவன் வீடு, மோதாதவன் வீடு, வண்டியே வாங்காதவன் வீடு என்ற பேதமெல்லாம் கிடையாது. நாற்சந்தியில் பால்காரரின் வண்டியை லாரி இடித்தபோது அவருக்குக் கை முறிந்தது, கடை மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தது, ஊரெங்கும் கூரைக்கொரு கால் போயிற்று. தபால் அலுவலகப் பெஞ்சு சாய்ந்தது, பள்ளிக்கூட மேசைகள் நொண்டின, ஆஸ்பத்திரிக் கட்டில்களைச் செங்கல் தாங்கியது. மக்கள் இதை விலைவாசியைப் போல எடுத்துக்கொண்டார்கள். கொஞ்சம் முணுமுணுத்துவிட்டுத் தச்சரிடம் போவார்கள்.

தச்சருக்குக் கை ஓயாத வேலை. ஊர் அவரைக் ‘கால் டாக்டர்’ என்றது. பட்டறைக்கு மேலே மாடிகூட எழும்பிவிட்டது. அவர் மனைவி நகரப் பேருந்து ஓட்டுபவள். அவள் உண்டானதும் அவர் செய்யத் தொடங்கிய தொட்டில் மட்டும் நாலு காலில் நின்றபாடில்லை. அந்த வீட்டில் காலுள்ள சாமான் வேறெதுவும் மிஞ்சவில்லை. பசை காய்வதற்குள் எங்கோ டமால் என்று கேட்கும், தொட்டில் ஒரு பக்கமாகச் சாயும்.

“ஊருக்கெல்லாம் கால் வைக்கிறீங்க, நம்ம பிள்ளைக்கு ஒண்ணு வைக்க முடியல?”

“நான் வைக்கத்தான் வைக்கிறேன். ரோடு பிடுங்கிடுதே!”

நகரத் தலைவருக்கோ வேறு கவலை. நெரிசலில் மாட்டிக்கொண்டு அவர் வீடு போய்ச் சேர்வதற்குள் மதியச் சாப்பாடு ஆறிவிடுகிறது. நெரிசல்தான் ஊரைத் தின்கிறது என்று சொல்லிச் சாலையை அகலமாக்கினார். வண்டிகள் பறந்தன, பறந்தவை மோதின. ஒரே வாரத்தில் நகர மன்றம் தரையில் சம்மணமிட்டுக் கூட்டம் நடத்தியது. தலைவர் வீட்டில் சாமான் அதிகம், அதனால் அவருக்கு உறைக்கவில்லை.

வயிறு கனத்ததும் பேருந்துக்காரி நிதானமாக ஓட்ட ஆரம்பித்தாள். நடுச்சாலையில், யாருக்கும் முந்த வழிவிடாமல். பின்னால் ஊரே வரிசை கட்டிற்று. ஹாரன் சத்தம் தாங்காமல் காக்கைகள் வேறு ஊருக்குக் குடிபோயின.

“அக்கா, பஸ்ஸ ஓட்டுறீங்களா, தள்ளிட்டுப் போறீங்களா?” என்றார் கண்டக்டர்.

“பின்னாடி வர்றவங்களுக்குத்தான் அவசரம். என் வயித்துல இருக்கிறதுக்கு இல்ல.”

மோதல் நின்றது. நெரிசலில் போனது, அதில் மாட்டியவர்களின் பொழுது மட்டும்தான். அதையும் அவர்கள் சும்மா விடவில்லை. ஜன்னலுக்கு ஜன்னல் பேசி இரண்டு கல்யாணங்கள் நிச்சயமாயின, ஒரு பங்காளிச் சண்டை தீர்ந்தது. தொட்டில் நாலு காலில் நின்றது. கால் டாக்டர் பட்டறையில் ஈ ஓட்டினார், சிரித்துக்கொண்டே.

தலைவருக்குப் பொறுக்கவில்லை. பிள்ளைத்தாய்ச்சி ஓய்வெடுக்கட்டும் என்று அவளை லீவில் அனுப்பிவிட்டு, வேகக்காரன் ஒருவனை உட்கார வைத்தார். முதல் நடையிலேயே பேருந்து தண்ணீர் லாரியில் மோதிற்று. தொட்டில் சாய்ந்தது. தலைவர் வீட்டில், அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியின் முறை வந்தது.

இடுப்பைப் பிடித்தபடி அவர் பட்டறைக்கு வந்தபோது, தச்சர் தொட்டிலுக்குக் கால் இழைத்துக்கொண்டிருந்தார். உள்ளறையில் அவர் மனைவிக்கு வலி எடுத்திருந்தது. நர்ஸம்மா வெந்நீர் கேட்டுக்கொண்டிருந்தார்.

“முதல்ல என் நாற்காலியப் பாருப்பா,” என்றார் தலைவர்.

“வரிசையில வாங்கய்யா!” உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது. “உங்களுக்கு முன்னாடி இருக்கிற ஆளு இன்னும் பிறக்கவே இல்ல.”

தலைவர் சிரித்துவிட்டார். சிரித்ததில் இடுப்பு இன்னும் வலித்தது. பசை காயும்வரை தொட்டிலைத் தாமே அசையாமல் பிடித்துக்கொண்டார். “இனிமே யாரு ஓட்டினாலும் உன்ன மாதிரியே ஓட்டச் சொல்லிடுறேம்மா. சாப்பாடு ஆறினா சூடு பண்ணிக்கலாம்.”

எங்கும் டமால் கேட்கவில்லை. பெண் குழந்தை பிறந்து, நாலு காலில் நின்ற தொட்டிலில் தூங்கிற்று. அன்றிலிருந்து அந்த ஊரில் எல்லாரும் எங்கேயும் தாமதமாகத்தான் வருகிறார்கள், கூட்டங்களும் அதற்கேற்பத் தாமதமாகத்தான் தொடங்குகின்றன. கால் மறைவதைப் பற்றி வெளியூர்க்காரர்கள் கேட்டால், “வண்டி மோதினா போகும், வேறென்ன?” என்கிறார்கள்.

உங்கள் வீட்டுப் படியிறங்கிப் போகிறவர்கள், பொழுது சாய்ந்து வந்தாலும் முழுசாக வந்து சேரட்டும் கண்ணுகளா. கதவைத் திறக்க ஆள் இருக்கட்டும். அடுப்பில் சூடு இருக்கட்டும்.