கேட்டில் நின்ற நாலு நிமிஷம்

காசிமாயன் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் ஒரு தனியார் பஸ் கம்பெனியின் டைம் கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, எத்தனை மணிக்கு வெளியே போனது என்று நோட்டில் எழுதுவது வேலை. முப்பத்தெட்டு வயது, ஒல்லியான ஆள். விடிந்ததும் வைகைக் கரையோரமாக ஓடிவிட்டு வந்துதான் நோட்டைத் தொடுவார். அதுவரை மூன்று மாரத்தான் ஓடியிருந்தார். நாற்பத்திரண்டு கிலோமீட்டரில் அவருடைய சிறந்த நேரம் மூன்று மணி இருபத்துநாலு நிமிஷம், பத்து விநாடி. முந்தின வருஷம் திருச்சியில் ஓடியது.

"என்ன பரிசு குடுத்தாக?" என்று அக்கம்பக்கத்தில் கேட்டால் மனைவி அன்னக்கொடிதான் பதில் சொல்வாள். "பரிசு வாங்குறவுகல்லாம் முன்னாடியே போயிருவாக. இவுக இவுகளையேதான் தொரத்திக்கிட்டு ஓடுறாக."

கேலியாகத்தான் சொன்னாள். ஆனால் அதைவிடச் சரியாகச் சொல்ல காசிமாயனுக்கே தெரியாது.

1986ஆம் வருஷம் குடியரசு தினம் ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. அன்றைக்கு ஒரு மாரத்தான் வைத்தார்கள். ஆரப்பாளையத்தில் கிளம்பி, திண்டுக்கல் ரோட்டில் பரவை, சமயநல்லூரெல்லாம் தாண்டிப் போய், பாதித் தூரத்தில் நிறுத்திய தார் டிரம்மைச் சுற்றிக்கொண்டு வந்த வழியே திரும்ப வேண்டும். சரியாக ஆறு மணிக்கு விசில் ஊதினார்கள். பனி இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. அறுவடை முடிந்த வயல்களிலிருந்து வைக்கோல் வாசனை வந்தது. காசிமாயனுக்கு உடம்பு அத்தனை லேசாக இருந்தது அவருக்கே ஆச்சரியம். டிரம்மைச் சுற்றும்போது கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு மணி முப்பத்தெட்டு நிமிஷம். இதே போக்கில் போனால் திருச்சி நேரத்தை ஏழெட்டு நிமிஷம் முந்திவிடலாம்.

இருபத்தொன்பதாவது கிலோமீட்டரில் இடது கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. தசை கல்லாக இறுகிவிட்டது. நொண்டினார், நின்றார், தேய்த்துவிட்டுக்கொண்டு மறுபடி நொண்டினார். முன்னால் போனவர்கள் கண்ணுக்கு மறைந்துவிட்டார்கள். பின்னால் வந்தவர்களையும் காணோம். அந்த நிலையில் சமயநல்லூர்ப் பக்கம் ரயில்வே கேட்டை அவர் நெருங்கவும், கேட் இறங்கவும் சரியாக இருந்தது.

அவருக்கு அழுகையே வந்துவிட்டது. கேட்டுக்கு முன்னால் இரண்டு மாட்டு வண்டி, ஒரு லாரி, ஒரு பஸ் நின்றன. பஸ்ஸில் இருந்தவர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள். ஒருவர், "சார், குனிஞ்சு அந்தப் பக்கம் போயிருங்க!" என்று கத்தினார்.

கேட் கீப்பர் நல்லகாமன் கொடியும் கையுமாக நின்றுகொண்டே திரும்பினார். "எந்த ஓட்டமா இருந்தாலும் என் கேட்டுல யாரும் குனியப்படாது. கூட்ஸ் வருது. நில்லுங்க."

அப்போதுதான் பஸ் டிரைவர் கதவைத் திறந்துகொண்டு குதித்தார். அவரைப் பார்த்ததும் காசிமாயனுக்கு முகம் சுருங்கிப்போனது. அது அவருடைய கம்பெனி வண்டி. டிரைவர் கருப்பு. போன மாதம் மட்டும் நாலு முறை கருப்புவின் வண்டிக்கு 'லேட்' என்று எழுதியிருந்தார். கருப்பு ஒவ்வொரு தடவையும், "கேட்டு போட்டுட்டான், நான் என்ன செய்ய?" என்பார். "நோட்டுல கேட்டுக்கு எடமில்லண்ணே" என்பார் இவர்.

"ஏய், நம்ம டைம் கீப்பருப்பா!" என்று கருப்பு பஸ்ஸைப் பார்த்துக் கத்தினார். "நம்மள லேட்டுனு எழுதுவாரு. இன்னைக்கு அவரே லேட்டு!"

பஸ் முழுக்கச் சிரித்தது. காசிமாயன் தலையைக் குனிந்துகொண்டார். கருப்பு கிட்டே வந்தவர் அந்தக் காலைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

"கொரக்களி புடிச்சிருக்கா?"

"ஆமண்ணே. ரெண்டு கிலோமீட்டரா நொண்டுறேன்."

"உக்காருங்க. காலை நீட்டுங்க."

"வேணாம்ண்ணே, உங்களப் போயி..."

"பேச்செல்லாம் பெறகு. நீட்டுங்கன்னா."

காசிமாயன் ரோட்டோரத்தில் உட்கார்ந்தார். கருப்பு மண்டியிட்டு, காலைத் தன் தொடை மேல் தூக்கி வைத்து, பாதத்தை மேல் பக்கமாக வளைத்துப் பிடித்துக்கொண்டு கெண்டையை அழுத்தி நீவினார். உயிர் போகிற வலி. கேட்டில் நிற்கும் வண்டிகளுக்கு வெள்ளரிக்காய் விற்கும் ராமக்காள் கூடையை அப்படியே இறக்கிவைத்துவிட்டு ஓடி வந்தாள். கண்டக்டர் கொண்டு வந்த தண்ணீரில் வெள்ளரிக்காய்க்குத் தூவ மடியில் வைத்திருந்த உப்பில் ஒரு சிட்டிகை போட்டுக் கலக்கி, "மூச்சு விடாமக் குடி தம்பி" என்று வாயில் வைத்தாள். பஸ்ஸிலிருந்து ஒரு வாழைப்பழம் கை மாறிக் கை மாறி வந்தது. கொடுத்தது யாரென்று அவருக்குக் கடைசி வரை தெரியாது. ராமக்காள் தன் தலைச் சும்மாட்டுத் துணியை நனைத்து அவர் பிடரியில் போட்டாள். யாரோ ஒருவர் விசிறினார்.

கூட்ஸ் வண்டி வந்தது. கடைசிப் பெட்டி போய் முடிவதற்குள் காலில் இறுக்கம் இளகிவிட்டது. காசிமாயன் எழுந்து நின்று ஊன்றிப் பார்த்தார். ஊன்ற முடிந்தது. கடிகாரம் இரண்டு மணி முப்பத்தொரு நிமிஷம் காட்டியது. கேட்டில் மட்டும் நாலு நிமிஷம். மீதி பதினோரு கிலோமீட்டர் சொச்சம். ஐம்பத்துமூன்று நிமிஷத்துக்குள் ஓடினால் திருச்சி நேரத்தை முந்தலாம்.

"இன்னும் நேரமிருக்கா?" என்றார் கருப்பு.

"இருக்குண்ணே. கொஞ்சம்."

"அப்ப ஏன் நிக்கிறீக? நான் பின்னாடியே வாரேன். போங்க!"

கேட் தூக்கியதும் ஓடினார். பரவைக்கு வருவதற்குள் அந்த பஸ் அவரைப் பிடித்துவிட்டது. தாண்டிப் போகும்போது கருப்பு ஹாரனை அழுத்தின கையை எடுக்கவே இல்லை. ஜன்னலெல்லாம் கைகள். பெயர் தெரியாதவர்கள், "விட்ராதீக!" என்று கத்திக்கொண்டு போனார்கள். காசிமாயனுக்குக் கண் கலங்கி ரோடு தெரியவில்லை. புறங்கையால் துடைத்துக்கொண்டு ஓடினார். முன்னால் போனவர்களில் ஒருவரைக்கூட முந்தவில்லை. பதினாலாவது ஆளாக வந்து முடிவுக் கோட்டைத் தொட்டார்.

மூன்று மணி இருபத்துமூன்று நிமிஷம், பதினெட்டு விநாடி. திருச்சியைவிட ஐம்பத்திரண்டு விநாடி குறைவு.

அன்னக்கொடி சொம்போடு வந்தாள். "கழுத்துல என்னங்க இது, அழுக்குத் துணி?"

அப்போதுதான் சும்மாட்டுத் துணி கழுத்திலேயே இருப்பது தெரிந்தது. காசிமாயன் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் கருப்புவின் வண்டி பஸ் ஸ்டாண்டுக்குள் ஆறு நிமிஷம் பிந்தி வந்தது. காசிமாயன் ஆறு நிமிஷம் என்றே எழுதினார். பக்கத்தில் 'கேட் அடைப்பு' என்றும் எழுதி, "நேத்து நீங்க இல்லேன்னா..." என்று ஆரம்பித்தார். கருப்புவுக்குக் கூச்சமாகிவிட்டது. "அட விடுங்க. டீ வாங்கிக் குடுங்க" என்று நடந்துவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, துவைத்த துணியோடு ஒரு புதுத் துண்டும் எடுத்துக்கொண்டு கேட்டுக்குப் போனார். நல்லகாமனுக்குக் கும்பிடு போட்டதும் அவர் திகைத்துவிட்டார். "ஒங்களை மறிச்சவன் நான். எனக்கு எதுக்குங்க கும்பிடு?"

"நீங்க மறிக்கலேன்னா நான் நின்னுருக்க மாட்டேன். நொண்டிக்கிட்டேதான் போயிருப்பேன்."

ராமக்காள் துண்டை வாங்கிப் பிரித்துப் பார்த்தாள். "நல்லாருக்கு. ஆமா, ஒனக்கு முன்னாடி எத்தன பேரு வந்தாக?"

"பதிமூணு பேருக்கா."

"பெறகு எதுக்குப்பா இம்புட்டுச் சந்தோசம்?"

"போன வருசம் ஓடுன காசிமாயன் எனக்குப் பின்னாடி வந்தான்க்கா."

ராமக்காள் பல் தெரியச் சிரித்தாள். கூடையிலிருந்து பிஞ்சு வெள்ளரிக்காயாக ஒன்றைப் பொறுக்கி அவர் கையில் வைத்தாள். "அவனுக்கும் ஒன்னு குடுத்ததா நெனச்சுக்க" என்று சொல்லிவிட்டு, கேட் இறங்கவும் வந்து நின்ற பஸ்ஸை நோக்கிக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள்.