பதில் மாறாத மாற்றம்

அன்று காலை பொம்மிடியில், உரக்கடை மாடியில் இருந்தவர்கள்: மென்பொருள் கம்பெனி நடத்தும் ஆரோக்கியராஜ். லாரி முதலாளி முருகேஷ். அவருடைய டிரைவர் மாதையன், வலது கையில் மாவுக்கட்டோடு. லாரிகளுக்கான கணினி நிரலை எழுதிய கோகிலவாணி. அதைச் சர்வரில் ஏற்றிப் பார்த்துக்கொள்ளும் மாதவராஜ்.

ஐந்து பேரில் உண்மை தெரிந்தவன் மாதவராஜ் மட்டும்தான். அவன் ஜன்னலோரம் உட்கார்ந்து விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

முருகேஷின் லாரிகளில் பிரேக் சூட்டை அளக்கும் கருவி இருந்தது. தொப்பூர் கணவாயில் இறங்கும்போது சூடு எல்லை மீறினால் டிரைவருக்குப் போன் அடிக்கும். அடிக்க வைப்பது கோகிலவாணியின் நிரல். செவ்வாய்க்கிழமை கணவாயில் ஒரு டேங்கர் கவிழ்ந்தது. அரை நாள் வண்டிகள் பிரேக்கை மிதித்தபடியே சரிவில் ஊர்ந்தன. வழி விட்டபோது மாதையனின் வண்டியில் சூடேறிப்போன பிரேக் பிடிக்கவில்லை. போனும் அடிக்கவில்லை. நிரல் நினைவகம் நிரம்பி முன்பே நின்றுபோயிருந்தது. அவர் வண்டியை மலைப் பக்கமாக மோதி நிறுத்தினார்.

"கருகுற நாத்தம் வந்துச்சுங்க," என்றார் மாதையன். "ஆனா போன் அடிக்கல. அடிக்கலன்னா ஒண்ணுமில்லன்னு வுட்டுட்டேன். அதை நம்பிட்டேங்க."

"டிராபிக் நின்னா செத்துப்போற புரோகிராமை எங்கய்யா மாட்டறது?" என்று முருகேஷ் ஆரோக்கியராஜைப் பார்த்துக் கேட்டார். "ஒகேனக்கல் பரிசல்லயா?"



கோகிலவாணி அதை ஹாஸ்கெல் என்ற கணினி மொழியில் எழுதியிருந்தாள். சோம்பேறி மொழி என்பார்கள். கேட்கிறவரை எதையும் கணக்கிடாது. கணக்கிட்டதையும் வேலை முடிந்ததும் தூக்கிப் போட்டுவிடும். ஒரு லாரி கணவாயில் நுழைந்ததும், கணத்துக்குக் கணம் சூடு எவ்வளவு வரை இருக்கலாம் என்ற பட்டியல் அதற்கெனத் தனியாக விரியும். கடந்து போனவை அழியும். ஆனால் நிரலை ஓடும் வடிவத்துக்கு மாற்றும் கம்பைலர் தானாகவே சில திருத்தங்களைச் செய்யும். எல்லா லாரிக்கும் ஒரே பட்டியல்தானே என்று அதை வெளியே எடுத்து, ஒரே முறை கணக்கிட்டு, பொதுவாக வைத்துவிடும். வேலை மிச்சம், பதிலும் மாறாது. ஆனால் பொதுவில் வைத்ததை அழிக்க முடியாது. அடுத்த லாரி கேட்குமே.

கோகிலவாணிக்கு அது தெரியும். அந்த ஒரு திருத்தத்தைத் தடுக்கும் வரியைக் கம்பைல் செய்யும் கட்டளையில் சேர்த்திருந்தாள். மாதவராஜ் அதை எடுத்துவிட்டான். ஒரே கணக்கை லாரிக்கு லாரி திரும்பப் போடுவது அவன் கண்ணுக்கு வெட்டிவேலையாகத் தெரிந்தது. சாதாரண நாளின் பயணங்களை வைத்துச் சோதித்தான். வண்டிகள் சட்டென்று கடந்தன, பட்டியல் நீளவில்லை, நிரல் வேகமாக ஓடியது. "கொஞ்சம் டியூன் பண்ணேன் சார்" என்றான். ஆரோக்கியராஜ் எல்லோருக்கும் போண்டா வாங்கித் தந்தார். கோகிலவாணிகூட நன்றி சொன்னாள்.

இப்போது அவள் மெதுவாகப் பேசினாள்.

"ஓட்டல்ல ஆளுக்கு ஆளு தோசை சுட்டுப் போடற மாதிரிதாங்க எழுதுனேன். திங்கத் திங்க தட்டு காலி. எல்லாருக்கும் பொதுவா ஒரே அடுக்கா சுட்டு வெச்சா, அப்புறம் அடுக்கு கொறையவே கொறையாது. நின்ன வண்டி அடுத்தது அடுத்ததுன்னு கேட்டுட்டே இருக்கும், அடுக்கு ஒசந்துட்டே போவும். அன்னிக்கு அதுதான் ஆயிருக்கணும். ஆனா நான் தடுத்து வெச்சிருந்தேனே."

அவள் மாதவராஜ் பக்கம் திரும்பினாள். சர்வரின் பாஸ்வேர்டு அவனிடம் மட்டுமே இருந்தது.

"அண்ணா, அந்த வரி இருக்குதுங்களா?"

"இருக்கு," என்றான் மாதவராஜ்.

சந்தேகப்பட்டிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவள் நம்பிவிட்டாள்.

"அப்ப என் தப்புதாங்க," என்று மாதையனைப் பார்த்துச் சொன்னாள். "வேற எங்கயோ அந்த அடுக்கைப் புடிச்சு வெச்சிருக்கு. எங்கன்னு எனக்குத் தெரியல. மன்னிச்சுக்குங்க."

"வுடு கண்ணு. உசுரு இருக்குதில்ல."

"அவன் வுடுவான், நான் வுடமாட்டேன்," என்றார் முருகேஷ். "ஆரோக்கியம், இந்தப் பொண்ணு இங்க இருந்தா என் வண்டி எதுவும் உங்ககிட்ட இருக்காது."

ஆரோக்கியராஜ் அவளைப் பார்க்காமல் தலையாட்டினார். அவள் சார்ஜர் வயரை ஒழுங்காகச் சுற்றி மாதவராஜின் மேஜையில் வைத்தாள். "இது ஆபீஸோடதுங்கண்ணா." தண்ணீர் பாட்டிலை மட்டும் எடுத்துக்கொண்டாள். முருகேஷ், மாதையன், அவள் மூவரும் படியிறங்கிப் போனார்கள்.

மாதவராஜ் அந்த வரியைத் திரும்பச் சேர்த்தான். செவ்வாய்க்கிழமைப் பதிவுகளை மீண்டும் ஓடவிட்டான். அரை நாள் நெரிசல் திரையில் விரைவாக ஓடி முடிந்தது. நினைவகக் கோடு எழும்பவே இல்லை.

ஆரோக்கியராஜ் அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "அடேய், அதுக்குள்ள சரி பண்ணிட்டியா! அந்தப் பொண்ணு தெரியலன்னு கைய விரிச்சுட்டுப் போயிடுச்சு, நீ உக்காந்த எடத்துல கண்டுபுடிச்சுட்டியேடா!" முதுகில் தட்டினார்.

மாதவராஜ் திரையில் அந்த வரியைத் தொட்டுக் காட்டினான்.

"கண்டுபுடிக்கல சார். நான் எடுத்த வரிதான் இது. போண்டா வாங்கித் தந்தீங்களே, அன்னிக்கு எடுத்தேன்."

ஆரோக்கியராஜின் கை முதுகிலேயே இருந்தது. பிறகு விலகியது. அவர் ஜன்னலுக்குப் போய்க் கீழே பார்த்தார்.

"இன்னும் டீக்கடையிலதான் நிக்கறாங்க," என்றார். "இத பாரு. முருகேஷ் கோவம் எறங்கிருச்சு. புரோகிராமும் ஓடுது. அந்தப் பொண்ணு படிச்சது, எங்கயாவது பொழச்சுக்கும். நீ போயி வாயத் தொறந்தா மொத்தமும் போச்சு."

"சொல்லணும் சார்."

"எறங்குனேன்னா மேல வராத. சாவிய வெச்சுட்டுப் போ."

மாதவராஜ் எழுந்து அவருக்குப் பின்னால் நின்று பார்த்தான். கீழே பெஞ்சில் மாதையன் உட்கார்ந்திருந்தார். கோகிலவாணி டீயை ஆற்றி அவருடைய இடது கையில் கொடுத்துக்கொண்டிருந்தாள். பஸ் வந்து அவள் ஏறிப் போய்விடட்டும் என்று ஒரு கணம் அவன் மனம் ஆசைப்பட்டது. அதையும் அவன் கவனித்தான்.

சாவியைச் சார்ஜர் வயரின் பக்கத்தில் வைத்தான். செருப்பை மாட்டினான். முதல் படியில் இறங்கினான். பின்னால் கதவு சாத்தப்பட்டது. உள்ளே பூட்டில் சாவி திரும்பியது.