மஹதி இறக்கிய ஜுரம்

அடையாறு ஆய்வகத்தில் எலிகளைப் பார்த்துக்கொள்ளும் கபாலிதான் முதலில் அதைக் கவனித்தார்.

"இன்னாமா இது, மூணாம் நம்பர் கூண்டுல கீறது காலைலேர்ந்து குனிஞ்சுகினே குந்திகினு கீது?"

மஹதி எட்டிப் பார்த்தாள். முதுகை வளைத்து, வயிற்றை இறுக்கிக்கொண்டு எலி உட்கார்ந்திருந்தது. இரண்டு வருடங்களுக்கு முன், தொண்ணூற்றேழில், மயிலாப்பூர் வீட்டு நாற்காலியில் அவள் கணவன் அச்யுத் தலையணையைக் கட்டிக்கொண்டு அப்படித்தான் குனிந்திருந்தான். அவனால் படுக்க முடியவில்லை. பித்தப்பைக் கல் ஒன்று நழுவிக் கணையத்தின் வாயை அடைத்துவிட்டது, கணைய அழற்சி என்றார்கள். ஒன்பதாம் நாள் இறந்துபோனான். அதன் பிறகுதான் அவள் கல்லூரி வேலையை விட்டுவிட்டு, கணையத்தை ஆராயும் டாக்டர் ஜஹனாராவிடம் சேர்ந்தாள்.

அந்த வாரம் பாதி எலிகளை முதல் நாளே நாற்பத்திரண்டு டிகிரி வெந்நீரில் சற்று நேரம் வைத்திருந்தார்கள். மறுநாள் எல்லாவற்றுக்கும் கணையத்தைப் புண்ணாக்கும் ஊசி. சூடு பட்ட செல், நெருக்கடியைத் தாங்க ஒரு புரதத்தை உண்டாக்கிக்கொள்ளும். அது கணையத்தைக் காக்குமா என்பதே கேள்வி.

காத்தது. வெந்நீர் கண்ட எலிகளின் கணையம் கிட்டத்தட்ட நன்றாக இருந்தது. மற்றவற்றில் வீங்கி நீர் கோத்திருந்தது. ஜஹனாரா சந்தோஷத்தில் எல்லோருக்கும் டீ சொன்னார். ஜுரமும் ஒரு சூடுதானே என்று மஹதி நினைத்தாள்.

வலி வருவதற்கு முன் இரண்டு நாள் அச்யுத்துக்கு ஜுரம். நூற்று மூன்று. வேளை தவறாமல் மாத்திரை கொடுத்து, ஈரத்துணி போட்டு, அதை இறக்கியவள் அவள்தான்.

எலிகளின் முடிவு தெரிந்த அன்றிலிருந்து அவன் வீட்டுக்கு வரத் தொடங்கினான். சாயங்காலம் விளக்கேற்றிவிட்டுத் திரும்பினால், நாற்காலியில் குனிந்த முதுகு தெரியும். சட்டை வியர்வையில் ஒட்டியிருக்கும். முகத்தை நிமிர்த்தவே மாட்டான். ஒருநாள் வாய்விட்டு "அச்யுத்" என்று கூப்பிட்டுவிட்டாள். பக்கத்தில் இருந்த மாமியார் ஜானு, யாரைக் கூப்பிடுகிறாய் என்று கேட்கவில்லை. அதுதான் மஹதியை இன்னும் பயமுறுத்தியது.

ஒரு மாதம் பொறுத்து ஜஹனாராவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். "நான் ஜுரத்தை இறக்காம இருந்திருந்தா அவர் பிழைச்சிருப்பாரா மேடம்?"

"எனக்குத் தெரியாது மஹதி. எலிக்கு ஊசி எப்போன்னு நமக்குத் தெரியும். அவருக்குக் கல் எப்போ அடைச்சுதுன்னு யாருக்குத் தெரியும்? அந்த ஜுரமே கல்லால வந்திருக்கலாம். இன்னொண்ணு, இந்தப் புரதம் செல்லுக்குள்ள இருக்கிறவரைக்கும்தான் காவல். செல் செத்து அது வெளியே சிந்திட்டா, கிருமியை அடையாளம் காண்ற ஏற்பிகள் அதையும் ஆபத்துன்னு எடுத்துக்கிட்டு அழற்சியைக் கிளப்பலாம்னு இப்போ சந்தேகப்படறாங்க. எதையும் உறுதியா சொல்ல முடியாதும்மா."

பொய்யாவது சொல்லியிருக்கலாம் என்று மஹதிக்குத் தோன்றியது.

வீட்டுக்கு வந்தவள் அடுப்படி வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள். ஜானு அடுப்பை அணைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"நீயும் அவனைப் பாக்கறேன்னு நேக்குத் தெரியும். அவன் உன்னைத் தேடி வரலைடி, என்னைத் தேடித்தான் வரான். ஜுரம் விட்டுடுத்தேங்கற சந்தோஷத்துல அன்னிக்கு வடை தட்டினேன். நாலு தின்னான். அதுக்கப்புறம்தானே வலின்னான்?"

இரண்டு வருடமாக ஜானு ஏன் அரை வயிறு சாப்பிடுகிறாள் என்பது மஹதிக்கு அப்போதுதான் புரிந்தது. எண்ணெய்ப் பண்டம் தின்றால் பித்தப்பை சுருங்கும், கல் நழுவலாம் என்பதும் மஹதிக்குத் தெரியும்.

"வடையால இல்லைம்மா."

"நிச்சயமாத் தெரியுமா நோக்கு? நீ படிச்சவ, சொல்லு."

"நிச்சயமா."

ஜானு அவள் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள். பிறகு எழுந்து முகம் கழுவி, இலை போட்டு, சாதம், ரசம், மறுபடி சாதம் என்று பசித்தவளாகச் சாப்பிட்டாள். மஹதி பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறினாள். ஈரத்துணியைப் பற்றிய தன் சந்தேகத்தை அவள் கடைசிவரை மாமியாரிடம் சொல்லவில்லை.